ஒன்றும் நடக்காத லீவு நாட்கள்

யூனிஃபார்மோடு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நிற்பார், மனைவி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார், பிள்ளை அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும். இந்த மாதிரி வீடியோ எது வந்தாலும் தெரிந்தவர்கள் எனக்கு அனுப்பி வைப்பார்கள். எனக்கும் பிடிக்கும், பார்க்கும்போது தொண்டை அடைக்கும். ஆனாலும் ஒரு ராணுவ ஜவானின் மனைவியாக ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் வாழ்க்கையில் பெரிய சந்தோஷம் வருவது அவர் வந்து ஒரு வாரம் ஆன பிறகு, ஒன்றுமே நடக்காத ஒரு சாதாரண நாளில்.

வந்து இறங்கும் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? ஜம்மு பக்கம் இருந்து தமிழ்நாட்டுக்கு ரயிலில் வர இரண்டு பகல் இரண்டு இரவு தாண்டிவிடும். அதற்கு முன்னால் அவர் காவல் இருக்கும் போஸ்டில் இருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு இறங்கி வருவதே தனிப் பயணம். வந்ததும் குளித்துவிட்டுப் படுத்தால் எழுப்ப மனசு வராது. மறுநாள் விடியும் முன்பே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். சின்னவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்ப்பாள். போனில் அத்தனை பேசுகிற குழந்தை, நேரில் அப்பாவிடம் போக வெட்கப்படும். அவரும் துண்டு எங்கே, இந்த ஸ்விட்ச் எதுக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பிசையும்.

அப்புறம் ஒரு நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் மோட்டார் நின்றிருக்கும். யாரும் சொல்லாமல் அவரே போய் நிறுத்தியிருப்பார். அதே நாள் சாயங்காலம் சின்னவள் பள்ளிக்கூட டைரியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நேராக அவரிடம் போவாள், "அப்பா, கையெழுத்து" என்பாள். அவ்வளவுதான். ஒரு போட்டோகூட எடுக்க முடியாத விஷயம். ஆனால் எனக்கு லீவு ஆரம்பிப்பதே அன்றைக்குத்தான்.

ஜவான்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுமுறை, 30 நாள் கேஷுவல் லீவு. கேட்பவர்களுக்கு நிறைய லீவு மாதிரி தெரியும். மீதி மாதமெல்லாம் எங்கே போச்சு என்று கணக்குப் போட்டால்தான் புரியும். அந்த நாட்களும் மொத்தமாகக் கிடைக்காது, யூனிட்டில் ஆள் இருப்பதைப் பொறுத்துப் பிரித்துப் பிரித்துத்தான் வரும். வந்தபிறகு பேங்க் வேலை, பட்டா வேலை, கூரை ஒழுகினால் அது, அப்புறம் போகாமல் விட முடியாத கல்யாணங்கள். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் பெட்டி கட்டும் நேரம் வந்திருக்கும்.

குடும்பத்தோடு இருக்க முடிகிற பீஸ் ஸ்டேஷன் போஸ்டிங் கிடைத்து குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டால் அந்தக் காலம் வேறு மாதிரி. குவார்ட்டர்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. கிடைத்த அன்று நாங்கள் முதலில் இறக்கி வைப்பது அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டிகளை. வெள்ளை பெயிண்டில் அவர் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். ரேங்க் மாறும்போது பழையதை அழித்து மேலேயே எழுதுவார்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். இரண்டு பெட்டியைச் சேர்த்துப் போட்டு மேலே மெத்தையும் விரிப்பும் போட்டால் அதுதான் எங்கள் சோபா. பக்கத்து வீட்டில் பஞ்சாப், எதிர் வீட்டில் அஸ்ஸாம், மாடியில் பீகார். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாமல் போன நான், சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டது அந்த மாடிப்படியில் உட்கார்ந்துதான். அவர் யூனிட் எக்சர்சைஸுக்கு, அதாவது ராணுவப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு ராத்திரி பெரியவனுக்குக் காய்ச்சல் ஏறியது. நான் கதவைத் தட்டியதும் அந்தப் பஞ்சாபி அக்கா காரணம்கூடக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எம்ஹெச்சில், அதாவது ராணுவ ஆஸ்பத்திரியில், விடியும் வரை என் கூடவே இருந்தார். இன்று அவர் எங்கோ, நான் எங்கோ. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு ஒரு தடவைகூட அவர் போன் தவறியதில்லை.

பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகுமே என்பார்கள். அடிக்கடி பள்ளி மாறுவது கஷ்டம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேந்திரிய வித்யாலயா இருப்பதே எங்களைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களுக்காகத்தான், 1963ல் ஆரம்பித்தபோது முதலில் எடுத்ததே ராணுவ ரெஜிமென்ட் பள்ளிகளைத்தான். பாடத்திட்டம் மாறாது. நண்பர்கள் மாறுவார்கள், அதற்கு ஒரு மாதம் அழுகை உண்டு.

குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்குக்குப் போய்விட்டால் அவர் இருக்கும் ஊரே எங்களுக்குத் தெரியாது. கடித விலாசத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ என்று மட்டும் இருக்கும். பெரியவன் சின்ன வகுப்பில் படிக்கும்போது அட்லஸை விரித்து வைத்து 56 ஏபிஓவைத் தேடியிருக்கிறான். அது ஊர் இல்லை, ராணுவத் தபால் நிலையத்தோட நம்பர் என்று சொன்னதும், "அப்போ தபால்காரருக்கு மட்டும் அப்பா இருக்கிற இடம் தெரியுமா?" என்று கேட்டான். அன்று ராத்திரி சிக்னல் கிடைத்துப் போன் வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஒரு வாரம் போதும்.

புதிதாகக் கல்யாணமாகி வருகிற தங்கைகளுக்கு ஒன்று. கல்யாணமும் குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரம் ஏறுகிற ராணுவப் பதிவில், ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரிலும் பிறந்த தேதியிலும் ஓர் எழுத்து, ஓர் எண் மாறக்கூடாது. ஜாயின்ட் அக்கவுண்ட் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசினாலே அபசகுனம் என்று நினைக்காதீர்கள். இவையெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் கையில் கிடைக்கிற நாட்களை நிம்மதியாக அனுபவிக்க முடியும்.

எங்களைப் பார்த்து "பாவம்மா நீ" என்று சொல்வது அன்பில்தான் என்று தெரியும். ஆனால் பாவப்படுகிற வாழ்க்கை நான் வாழவில்லை. பிரிவு இருக்கிறது, பயமும் இருக்கிறது. அதோடு சேர்த்து இத்தனை சிரிப்பும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அப்புறம் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவில் வந்தவரைப் பார்த்ததும் "எப்ப வந்த, எப்பக் கிளம்புற" என்று கேட்காதீர்கள், வந்த அன்றே கிளம்பும் தேதியைச் சொல்ல வைப்பது வலிக்கிறது. வருவதற்கு முன் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள், முதல் வாரம் தாண்டி வந்தால் இன்னும் நல்லது. கல்யாணப் பத்திரிகையை அவசியம் வையுங்கள், நாங்கள் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருவோம். மறுவீடு, கறிவிருந்து, குலதெய்வம் கோயில் வேன் இதற்கெல்லாம் மட்டும் அந்த ஒரு மாதம் எங்களைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், சின்னவளை அவர்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடணும்.