வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

முந்தாநாள் அந்தப் பழைய நாட் போர் விமானத்தின் படத்தைப் போட்டதிலிருந்து நோட்டிபிகேஷன் நிற்கவில்லை. பாதிப் பேர் "விடுங்க ப்ரோ". மீதிப் பேர் சிரிப்பு பொம்மை. எந்த நிறுவனம், எந்த வாசல் என்று மறுபடி சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பீடத்தின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற விமானம். புது வளைவு கட்ட இடைஞ்சலாம். கட்டிங் மெஷின் வைத்துத் துண்டு போட்டு, குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். முதல் கமெண்ட்: "கிலோ என்ன விலைக்குப் போச்சு?" இரண்டாவது: "பேரீச்சம்பழம் குடுத்தாங்களா?" அந்தக் கமெண்டுக்கு விழுந்த லைக் என் பதிவுக்கு விழவில்லை.

சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் பேசலாமா?

அது என்ன விமானம் என்று தெரிந்துதான் சிரித்தீர்களா என்பதே என் முதல் சந்தேகம். பிரிட்டனில் ஃபோலண்ட் கம்பெனிக்காக டெடி பெட்டர் வடிவமைத்தது. பிரிட்டன் விமானப்படை அதைப் பயிற்சிக்கு மட்டும்தான் எடுத்துக்கொண்டது. சண்டைக்கு என்று நம்பி, உரிமம் வாங்கி, பெங்களூரில் நம் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல்லில் வரிசையாகக் கட்டியது நாம். இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 7 மீட்டர்கூடக் கிடையாது, அவ்வளவு சின்னது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கியது இதுதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் ஓடுதளத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே மேலே ஏறி, பல சேபர்களோடு தனியாக மல்லுக்கட்டி உயிரைக் கொடுத்தாரே நிர்மல் ஜித் சிங் செகோன், அவர் ஓட்டியதும் நாட்தான். நம் விமானப்படைக்குக் கிடைத்திருக்கும் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது.

வெட்டியது அவருடைய விமானமா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, அது அன்றைக்கே விழுந்துவிட்டது. அப்போது இது யாருடையது? தெரியாது. தெரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சலே. ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா வெள்ளி பெயிண்ட் அடித்து அடித்து எண்ணை மூடிவிட்டார்கள். அதன் மேல் நிறுவனத்தின் சின்னம் வேறு. ஒரு விமானத்துக்கு எண்தான் ஜாதகம். எந்த ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு), எந்தத் தளம், எந்தப் போர் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்தால்தான் வரும். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். உள்ளே தகடு இருந்ததா என்று எட்டிப் பார்த்து மொபைலில் ஒரு படம் எடுத்திருக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகுமா? வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ஏணி எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 1965 செப்டம்பரில் நம் நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கி அவர்கள் கையில் சிக்கியது. அது இன்றைக்கும் கராச்சியில் அவர்களுடைய விமானப்படை மியூசியத்தில் இருக்கிறது. எதிரியின் கையில் போனது பத்திரமாக இருக்கிறது, நம் வாசலில் நின்றது துண்டு துண்டாகப் போயிற்று. இதற்கும் சிரிப்பு பொம்மை போடுங்கள்.

நினைவிருக்கிறதா, 2025 செப்டம்பர் 26? சண்டிகரில் மிக்-21 போர் விமானம் நம் படையிலிருந்து விடைபெற்ற நாள். என் டைம்லைன் முழுக்க ஒரே கண்ணீர். "சென்று வா வீரனே" என்று கவிதை எழுதினவர்கள் எத்தனை பேர்! அன்றைக்குக் கவிதை எழுதின அதே கைதான் நேற்று பேரீச்சம்பழத்துக்கு லைக் போட்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

"ஸ்கிராப்புன்னு கழிச்சாச்சுன்னா கழிச்சாச்சுதான், அப்புறம் என்ன?" என்று ஒரு நண்பர். படித்தவர், பொறியாளர். அவருக்காகத்தான் அடுத்து வருவது.

என் பெரியப்பா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, 60களில் புனேயில் லிபரேட்டரில் வேலை பார்த்தவர். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். நாலு எஞ்சின், எஞ்சினுக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டு பிளக். "112 பிளக்குடா, ஒண்ணு மக்கர் பண்ணினாலும் பைலட் நம்மளைத்தான் பார்ப்பான்" என்பார். ஆனால் அவர் அதிகம் சொன்னது அவர் சேர்வதற்கு முன்னால் நடந்த கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்து கிளம்பும்போது பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் லிபரேட்டர்களை விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா விடவில்லை. அமெரிக்காவிடம் கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வாங்கினவை, போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும், வேறு யாருக்கும் உபயோகப்படக் கூடாது. லாரியை விட்டு இடித்தார்கள், எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், டயல்களை உடைத்தார்கள். இனி பறக்காது என்று முடிவு கட்டினார்கள்.

ஹெச்ஏஎல் ஆட்கள் போனார்கள். ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, ஜிம்மி முன்ஷி என்ற சோதனை விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எது கழன்று விழும் என்று யாருக்கும் தெரியாத பயணம். அங்கே முழுசாகச் செப்பனிட்டு, 1948 கடைசியில் நம் படையில் சேர்ந்தன. 40க்கும் மேல். 1968 வரை பறந்தன. இருபது வருஷம்!

அதோடு முடிந்ததா? இல்லை. உலகம் முழுக்கக் கட்டினது 18,000க்கும் மேல். போர் முடிந்ததும் எல்லா நாடும் உருக்கித் தள்ளிவிட்டது. மியூசியத்தில் வைக்க ஒன்று வேண்டும் என்று பிறகு தேடியபோது எங்கே வந்து கை நீட்டினார்கள் தெரியுமா? நம்மிடம். 1968ல் ஒன்று கனடாவுக்குப் போனது. அடுத்த வருஷம் ஒன்று அமெரிக்காவின் டூசானுக்கு. 1974ல் பிரிட்டனுக்கே ஒன்றைக் கொடுத்தோம், அதன் எண் கே.என். 751. உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர்களுக்கு, ஓட்டிக்கொண்டு போகிற நிலையில் திருப்பிக் கொடுத்தோம். இன்னொன்று இங்கேயே கேட்பாரற்றுக் கிடந்ததை 80களில் ஒரு வெளிநாட்டுச் சேகரிப்பாளர் பிரித்து எடுத்துப் போக, கைமாறி அமெரிக்காவுக்குப் போய் 1989ல் மறுபடி பறந்தது. பொறியாளர் நண்பரே, கழித்தால் கழித்ததுதானா?

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான். பிரான்சில் கலே கடற்கரையில் 1940 மே மாதம் இறங்கின ஒன்று மணலுக்குள் போய்விட்டது. 1980ல் மணல் விலகி வெளியே தெரிந்தது, உருக்குலைந்த கூடாக. 2011ல் அது பறந்தது. 2015ல் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் ஆட்கள்தான் சொல்லி வைத்தார்கள். "அதுல பாதிக்கு மேல புது உலோகம்தானே" என்பீர்கள். ஆமாம், புதுசுதான். அந்தப் புதுசை எந்த அளவில் வெட்டுவது, எங்கே துளை போடுவது என்பதை எதைப் பார்த்துச் செய்தார்கள்? வரைபடம் எல்லாவற்றையும் சொல்லாது. அச்சுகளைத் தொழிற்சாலை எப்போதோ தூக்கிப் போட்டிருக்கும். நசுங்கிப் போன ஒரு சக்கரக் கதவு கிடைத்தால் போதும், அதை அளந்து நூறு கதவு செய்யலாம். நீங்கள் கிலோக் கணக்கில் போட்டது உலகத்தில் யாரோ வருஷக்கணக்காகத் தேடுகிற மாதிரித் துண்டாக இருக்கலாம்.

உடனே பர்மா கதையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் ஒருவர். பெட்டி பெட்டியாக ஸ்பிட்ஃபயர் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பி 2013ல் யாங்கோன் விமான நிலையத்தில் தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மைதான். கிறுக்கு இருக்கிறது இந்தக் கூட்டத்தில், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் விமானம் மண்ணுக்கடியில் இல்லையே, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நின்றதே!

ராணுவப் பாதுகாப்புக்காக வெட்டியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: நியாயமான கேள்வி. எஃப்-14 போர் விமானத்தின் உதிரிகள் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்கா 2007ல் தன் விமானங்களையே அரைத்துத் தள்ளியது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய, வெறும் கூடாக நின்ற நாட் விமானத்தில் என்ன ராணுவ ரகசியம்? அடுத்தது.

இடம் எங்கே, காசு எங்கே, முதலில் ஆஸ்பத்திரி கட்டட்டும் என்று எழுதியவர்களே, வளைவு கட்டக் காசு இருந்ததே, அங்கே போய்க் கேட்டீர்களா? எல்லாவற்றையும் வையுங்கள் என்று நான் எப்போது சொன்னேன்? மிக்-21 மட்டும் வாங்கியதும் இங்கேயே கட்டியதுமாக 800க்கும் மேல், அத்தனையையும் நிறுத்தி வைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். விமானம் தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தையே காப்பாற்ற முடியவில்லை. 1971ல் கிழக்குக் கடலில் நின்ற கப்பல், 2014ல் உடைப்புக்கு விற்று, அதன் இரும்பில் மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்காவது கோர்ட் வரை போய் வாதாட ஆள் இருந்தார்கள். இங்கே ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லையே. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இதற்கு எந்தப் பட்ஜெட்டும் வேண்டாம்.

ஒரு தம்பி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "அண்ணா, எங்க ஊர்ல இந்தச் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடுவம். உங்களுக்கு இது அழகாத் தெரியுது." அவருக்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன்.

ஆனால் சிரித்தவர்களுக்குப் பதில் இருக்கிறது. அதிலும் ஒருவருக்கு. "தம்பி, பழைய இரும்புக்கு இவ்ளோ அழுகையா" என்று கண்ணடித்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், வீட்டில் பிரச்சினையாகும். பெரியப்பா ஒரு டிரங்குப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே நகை இல்லை, பத்திரம் இல்லை. நோட்டுப் புத்தகங்கள். தான் கை வைத்த ஒவ்வொரு விமானத்தின் எண்ணும், என்ன கோளாறு, என்றைக்குச் சரியானது என்று பொடிப்பொடியான எழுத்தில். லண்டன் மியூசியத்தில் லிபரேட்டர் நிற்கிற படத்தை ஒரு தடவை மொபைலில் காட்டினேன். "நம்பர் என்னடா?" என்றார். அழகாக இருக்கிறது என்றோ, எங்கே இருக்கிறது என்றோ கேட்கவில்லை. நம்பர்தான். சொன்னேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அவர் போன பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போனபோது பெட்டி மட்டும் இருந்தது. உள்ளே போர்வை. "அதெல்லாம் பேப்பர்காரன்ட்ட போட்டாச்சுப்பா, கரையான் வச்சிருந்துச்சு." கரையான் வைத்த நோட்டை எந்தப் பேப்பர்காரன் எடுப்பான்? அன்றைக்கு வீட்டில் ஆள் கூட்டம், ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். இத்தனை வருஷமாகப் பேசவில்லை. நேற்று அந்தக் கண்ணடிப்பைப் பார்த்ததும்தான் பேசுகிறேன். உங்களுக்கு உங்கள் அப்பா எழுதியதே பழைய பேப்பர்தான் என்றால் யாரோ ஓட்டிய விமானம் இரும்பாகத்தான் தெரியும். அது இரும்புகூட இல்லை அண்ணே, பெரும்பாலும் அலுமினியம். உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த லோடு எந்தக் காயலான் கடைக்குப் போனது என்று கண்டுபிடித்து இன்று காலையில் நேரில் போனேன். இறக்கைகள் போய்விட்டன. முன்பாகமும் வால் துண்டும் இன்னும் கிடக்கின்றன. கடைக்காரர் டீ சொல்லிவிட்டு, "சார், இது யார் ஓட்டுனது?" என்று கேட்டார். இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வால் துண்டைத் திங்கட்கிழமை வரைக்கும் தொட மாட்டேன் என்றிருக்கிறார், முன்பணம்கூட வாங்கவில்லை.

பெயிண்டைச் சுரண்டத் தெரிந்தவர்கள், உலோகத்தில் கீறல் விழாமல் செய்யத் தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அந்த விமானத்தின் முன்னால் நின்று சின்ன வயதில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஆல்பத்தைத் தேடுங்கள், வெள்ளி பெயிண்டுக்கு முந்தைய படமாக இருந்தால் வால் பக்கம் எண் தெரியும். தலை வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, வால் இருந்தால் போதும்.