எங்க ஊருல நடக்க விடுங்கய்யா

"அந்தப் பக்கமெல்லாம் தனியா நடந்து போகாதீங்க தம்பி, ஏரியா சரியில்ல."

சொன்னவர் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சென்னை பீச் ஸ்டேஷன் வாசல். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முதுகில் அவன் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு பை. தலைநகரத்தை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்று தனியாகக் கிளம்பி வந்திருக்கிறான். காலையிலிருந்து கோட்டை, ஐகோர்ட், பாரிமுனையில் 1773ஆம் ஆண்டு நட்ட எல்லைத் தூண் (அந்த வரிசையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்), ஆர்மீனியன் சர்ச், காளிகாம்பாள் கோயில் என்று ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். தம்பு செட்டித் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு வழி தெரியாமலா போகும்? "அக்கா, ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாமா?" என்றுதான் என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டு சொன்னதுதான் மேலே இருப்பது. "ஆட்டோ புடிச்சுப் போயிடுங்க, பையெல்லாம் வச்சிருக்கீங்க" என்று ஒரு உபதேசம் வேறு.

1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் ராயபுரம். பம்பாயிலும் தானேயிலும் அதற்கு முன்பு கட்டிய நிலையங்கள் இன்றைக்கு இல்லை. இந்த நாட்டில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் எங்களுடையது. அதைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து ஒரு பிள்ளை வருகிறான், அவனிடம் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

உங்கள் வீட்டுக்கு மீன் காசிமேட்டிலிருந்து வர வேண்டும். கரண்ட் அத்திப்பட்டிலிருந்து வர வேண்டும். பெட்ரோலுக்கு மணலி. நீங்கள் கழித்துப் போடும் குப்பைக்குக் கொடுங்கையூர். எல்லாம் எங்கள் வடசென்னைதான். இதற்கெல்லாம் ஏரியா சரியாக இருக்கிறது. ஒரு பையன் பகல் வெளிச்சத்தில் நடந்து போவதற்கு மட்டும் சரியில்லை! சினிமாவில் அரிவாளோடு ஓடுகிறவனைப் பார்த்துவிட்டு அதுதான் ராயபுரம் என்று நம்புகிறவர்கள் ஒரு தடவையாவது எங்கள் தெருவில் வந்து நின்று டீ குடித்திருக்கிறார்களா?

"நான் ராயபுரம்தான், வா தம்பி, சேர்ந்தே போகலாம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்புறம்தான் உண்மையான ஆபத்து ஆரம்பித்தது.

முதலில் கொஞ்ச தூரம் நடைபாதை நன்றாகவே இருந்தது. பிறகு அதன் நட்டநடுவில் ஒரு மின்பெட்டி. கதவு பிளந்து, உள்ளேயிருக்கும் ஒயர் வெளியே தொங்குகிறது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நான் ஒருக்களித்து நுழைந்துவிடுவேன், முதுகில் பை உள்ளவன் எப்படி நுழைவான்? ரோட்டில் இறங்கினோம். பெட்டியைத் தாண்டி ஏறினோம். ஒரு தட்டுக்கடையின் பாத்திரம் கழுவும் டப், பக்கத்தில் இரண்டு ஸ்டூல். அவர் பிழைப்பு அது, அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கென்று ஓரிடம் ஒதுக்கிக் கொடுக்காதவர்கள்மேல்தான் கோபம். இறங்கினோம். மறுபடி ஏறலாம் என்றால் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. வயசானவர்கள் இதில் எப்படி ஏறுவார்கள் என்று கட்டியவர் யோசித்தே பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்து ஏறினால், வரிசையாக பைக். ஒவ்வொன்றும் சைடு ஸ்டாண்டு போட்டுச் சாய்ந்து மொத்த அகலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இறங்கினோம்.

அடுத்தது வடிகால் மூடி. பாதி உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. யாரோ புண்ணியவான் ஒரு வேப்பங்கிளையை ஒடித்து அந்த ஓட்டையில் சொருகி வைத்திருக்கிறார், அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி. கிளையில் ஒரு இலைகூட இல்லை, எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. பச்சையாகச் சொருகிய கிளை சுள்ளியாகும் வரைக்கும் ஒரு சிமென்ட் பலகை வரவில்லை. இரவில் தெருவிளக்கு எரியாவிட்டால் அந்தச் சிவப்புத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்?

அதைச் சுற்றிப் போகத்தான் மறுபடி இறங்கினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னாலிருந்து வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. பையன் திரும்பிப் பார்த்தான், திரும்பிய வேகத்தில் பை லாரிப் பக்கம் சுழன்றது. ஓரமாக மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா எட்டி அந்தப் பையின் வாரைப் பிடித்து ஒரே இழு. "உள்ள வா கண்ணு, லாரிக்காரன் நிக்க மாட்டான்!" பையன் அவர் கூடைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். கையிலிருந்த செதில்கூட இன்னும் காயவில்லை, அதற்குள் அந்தம்மா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டு, "எந்த ஊரு நைனா? சாப்ட்டியா?" என்று கேட்டார்.

இவர்களுக்குப் பயந்துதான் ஆட்டோவில் போகச் சொன்னார் அந்த மனிதர். வழி நெடுக எங்களை மிரட்டியது ரோடு. ஒரு மனுஷன்கூட மிரட்டவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும் என்று ரோடுகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் இருக்கிறது. 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று இந்த நகரத்துக்கென்று ஒரு கொள்கை போட்டார்கள். 2019ல் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமாக நடைபாதை திறந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்று யார் சொன்னது? 2025ல் உச்ச நீதிமன்றமே நடைபாதை என்பது வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அந்த உரிமை பாரிமுனையைத் தாண்டி வடக்கே வருவதற்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்? ஜார்ஜ் டவுனிலிருந்துதானே இந்த ஊரே வளர்ந்தது?

எப்படியோ ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். பையன் அந்த உயரமான தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்து திருவொற்றியூர் கோயிலுக்கும் நடந்தே போகிறேன் என்றான். வழியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தயங்கித் தயங்கி, "அக்கா, பாத்ரூம் எங்க இருக்கும்?" என்றான்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒன்று இருக்கிறது. சுவரில் புதிதாக ஓவியமெல்லாம் வரைந்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று எதிர்க் கடையில் கேட்டேன். "அது எப்பவும் பூட்டித்தான்க்கா இருக்கும்" என்றார் கடைக்காரர். ஆம்பளைப் பிள்ளை, எங்கேயோ போய்ச் சமாளித்துக்கொண்டான். நாளைக்கு இதே மாதிரி பையை மாட்டிக்கொண்டு ஒரு பொண்ணு தனியாக நடந்து வந்தால் அவள் எங்கே போவாள்? பூட்டுப் போட்டவர் யாராக இருந்தாலும் வந்து பதில் சொல்லட்டும்.