டாப்-அப்பும் சூப்பர் டாப்-அப்பும் ஒன்றில்லை

"ரிட்டயர் ஆனவர்களுக்கு டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டும் ஒன்றுதான், பிரீமியம் குறைவானதை எடுங்கள்" என்று ஹெல்த் இன்சூரன்ஸ் பற்றி ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது தப்பு.

இரண்டுமே மருத்துவச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் பணம் தரும் பாலிசிகள். அந்த வரம்புத் தொகைக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். அதுவரை செலவு நம்முடையது, அல்லது கையில் இருக்கும் வேறு பாலிசியுடையது. அது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடத்தில் இதயத்துக்கு 2 லட்சம், அப்புறம் மூட்டுக்கு 2.5 லட்சம் பில். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 3 லட்சத்தைத் தாண்டவில்லை, பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருட மொத்தத்தைக் கூட்டும், 4.5 லட்சத்தில் 1.5 லட்சம் தரும்.

அம்மாபேட்டையில் எங்கள் பெரியப்பா மாட்டியது இப்படித்தான். ஏஜென்ட்டைத் திட்டிப் பயனில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

தமிழக அரசு பென்ஷன்தாரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கான காப்பீட்டுத் திட்டத்தின் 5 லட்சம், அந்த 4 வருடத்துக்கும் சேர்த்து. வருடா வருடம் கிடைக்கும் என்று நம்பி டிடக்டிபிளை 5 லட்சமாக வைத்துவிடாதீர்கள்.

சரி அண்ணே, 65 வயது தாண்டினால் பாலிசியே கிடைக்காது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரம்பு 2024 ஏப்ரலிலேயே போய்விட்டது. உடல்நிலையைப் பார்த்து கம்பெனி மறுக்கலாம், அது வேறு. ஏற்கெனவே உள்ள சுகர், பிபிக்குப் பாலிசியில் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலமும் அதிகபட்சம் 3 வருடம்தான்.