எட்ஸோவுக்கு முன்னால் எட்ஸினோ

"எஸ்பெராண்டோ ஒருத்தர் உட்கார்ந்து செய்த மொழிதானே, அதில் என்னங்க வேர்ச்சொல் ஆராய்ச்சி?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்.

எட்ஸோ என்றால் கணவன், எட்ஸினோ என்றால் மனைவி. ‘இன்’ என்பது பெண்பால் ஒட்டு. பாத்ரோ அப்பா, பாத்ரினோ அம்மா. அகராதியும் ‘எட்ஸ்’ என்பதை வேராகப் போட்டு, கணவன் என்று பொருள் தருகிறது. பெண்ணை எப்போதும் ஒட்டாகத்தான் வைப்பீர்களா என்று அந்த மொழிக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நியாயமான சண்டைதான்.

சரி, ‘எட்ஸ்’ எங்கிருந்து வந்தது? லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் எதிலும் கணவனுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. மொழியைச் செய்த ஸாமென்ஹோஃபே பிற்பாடு விளக்கம் சொன்னார். பட்டத்து இளவரசனின் மனைவியை ஜெர்மனில் க்ரோன்ப்ரின்ஸெஸின் என்பார்கள். அதன் வாலை வெட்டி ‘எட்ஸின்’ ஆக்கி, மனைவி என்று வைத்துக்கொண்டார். அந்த வாலிலும் ஒரு ‘இன்’ இருந்ததால் அதையும் கழற்றினார். மிச்சம் நின்றவன் கணவன்! அகராதி காட்டும் வழிக்கு நேர் எதிர்.

இளவரசி கதையை நான் முழுசாக நம்பவில்லை. ராபி என்னும் யூத மதகுருவின் மனைவிக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ரெபெட்ஸின் என்று பெயர். சொல்லிப் பாருங்கள், ‘எட்ஸின்’ அப்படியே காதில் விழுகிறது. இன்று போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே இத்திஷுக்கு இலக்கணம் எழுதிய மனிதருக்கு இளவரசியா முதலில் நினைவுக்கு வருவாள்? யூதர் மொழி என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று இத்திஷைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இதே கூத்து இன்னொரு சொல்லிலும் உண்டு. ஃப்ராவ்லினோ, கல்யாணமாகாத பெண்; ஜெர்மன் ஃப்ராய்லைன்தான். அதிலும் ‘இன்’னைக் கழற்றி, பிரம்மச்சாரிக்கு ஃப்ராவ்லோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதாவது, ஜெர்மன்காரர் பெண்ணைக் கூப்பிட்ட சொல்லில் பாதி இங்கே ஆணாகிவிட்டது.

அப்புறம், எஸ்பெராண்டோவின் முதல் நூல் வார்சாவில் 1887 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே ஸாமென்ஹோஃபுக்கும் க்ளாராவுக்கும் கல்யாணம். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தது சோப்புத் தொழிற்சாலை வைத்திருந்த பெண்ணின் அப்பா. எட்ஸோவாகும் முன்பே மாமனார் காசு வந்துவிட்டது.