வீட்டு சிமுலேட்டரில் லேண்டிங் பழகாதீர்கள்

பைலட் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் சிமுலேட்டர் போட்டதும் முதலில் செய்வது ஒன்றுதான். ரன்வேக்கு நேராக மூன்று மைல் தள்ளி விமானத்தைக் கொண்டுபோய் வைப்பது, இறக்குவது, மறுபடி மூன்று மைல், மறுபடி இறக்குவது. ஒரே ராத்திரியில் நாற்பது லேண்டிங். அதில் முப்பத்தைந்து "வெண்ணெய் மாதிரி" என்று ஸ்கிரீன்ஷாட்டும் வந்துவிடும். அந்த நாற்பதும் வீண். வீணாகப் போனால்கூடப் பரவாயில்லை, கை தப்பாகப் பழகிவிட்டால் அதை அழிக்க நிஜ விமானத்தில் மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், லேண்டிங்கில் கடைசி இருபது முப்பது அடிதான் பாடமே. அந்த உயரத்தைச் சின்னப் பயிற்சி விமானத்தில் எந்த மீட்டரும் சொல்லாது. ரன்வேயின் இரண்டு ஓரமும் பக்கவாட்டில் விரிந்து மேலே எழும்பி வருவதைக் கடைக்கண் சொல்லும். விமானம் தொய்வதை இடுப்பு சொல்லும். வேகம் குறையக் குறைய எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பிடி தளரும், மூக்கை அதே இடத்தில் நிறுத்த யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) மேலும் மேலும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த இழுவையின் கனத்திலேயே வேகம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும். 24 அங்குல மானிட்டரில் கடைக்கண்ணுக்கு வேலை இல்லை, நாற்காலி தொய்யாது. யோக்கில் இருக்கும் ஸ்பிரிங்குக்கோ 100 நாட் வேகமும் ஒன்றுதான், 45 நாட் வேகமும் ஒன்றுதான் (நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்). ஆக, திரையில் வெண்ணெயாக இறங்குகிறவர் பழகியது அந்த மென்பொருளின் லேண்டிங்கைத்தான்.

ஸ்டாலும் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) ஸ்பின்னும் (அப்படியே சுழன்று விழுவது) இதே கணக்கு. ஸ்டாலுக்கு அப்புறம் இறக்கை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் வீட்டு மென்பொருளை நம்ப வேண்டாம்.

அப்படியானால் சிமுலேட்டர் எதற்கு? லேண்டிங்குக்கு முந்தைய இருபது நிமிடத்துக்கு. அங்கே இதை அடிக்க வேறு கருவி இல்லை.

இந்தக் கருவி பிறந்த கதையே அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் பிங்கம்டன் ஊரில் தானியங்கி பியானோவும் ஆர்கனும் செய்கிற குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க். ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்து 1929-ல் ஆடி அசையும் ஒரு மரப்பெட்டி விமானம் செய்தார். பல வருடம் அதைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் போய், மோசமான வானிலையில் அடுத்தடுத்து விமானிகள் செத்தார்கள். அதன் பிறகுதான் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். மூடியை இழுத்துச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே மீட்டர்கள் மட்டும். அந்தப் பெட்டியில் லேண்டிங் பழகவே முடியாது. ஆனாலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றார்கள், மேகத்துக்குள் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டுவதற்காக.

1990களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பர்சனல் கம்ப்யூட்டர் சிமுலேட்டரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே திசைதான். மீட்டர் பார்த்து ஓட்டும் புதுப் பாடங்களை முதலில் கம்ப்யூட்டரில் பழகியவர்களுக்கு விமானத்தில் நேரம் மிச்சமானது. ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்க்கும்போது மிச்சம் குறைவு.

சரி, எப்படிப் பழகுவது? செஸ்னா 172எஸ் வைத்தே சொல்கிறேன், பெரும்பாலோர் தொடங்குவது அதில்தான்.

முதல் பாடம் ரொம்ப போர் அடிக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். 3000 அடி, ஹெடிங் 090 (மூக்கு கிழக்கே), 90 நாட். வெளியே முழுக்க மேகம் போட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் நேராகப் பறக்க வேண்டும். அடுத்த ஒரு நிமிடத்தில் சரியாக 500 அடி ஏறி, அதற்கடுத்த நிமிடத்தில் சரியாக 500 அடி இறங்க வேண்டும். வேகம் 90-ஐ விட்டு நகரக் கூடாது. இது கைக்கு வந்த பிறகு இதையே திரும்பிக்கொண்டே செய்யுங்கள், நொடிக்கு 3 டிகிரி, முழு வட்டத்துக்கு இரண்டு நிமிடம். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்றால், வேகத்தைப் பத்தால் வகுத்து ஏழைக் கூட்டுங்கள். 90 நாட்டுக்கு 16 டிகிரி. மட்டமாகப் பறக்க எத்தனை ஆர்பிஎம் (என்ஜின் சுழற்சி), ஏற எத்தனை, இறங்க எத்தனை, மூக்கு எத்தனை டிகிரி என்று ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். மென்பொருள் மாறினால் எண்கள் கொஞ்சம் மாறும், நிஜ விமானத்தில் இன்னும் கொஞ்சம் மாறும். பவரை ஒரு எண்ணில் வை, மூக்கை ஓர் இடத்தில் வை, விமானம் சொன்னதைச் செய்யும் என்கிற பழக்கம் மட்டும் எங்கும் மாறாது.

இங்கே எல்லோரும் விழும் குழி விஎஸ்ஐ. ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் அந்த முள் ஆறு முதல் ஒன்பது வினாடி பின்தங்கித்தான் உண்மையைச் சொல்லும். அதைத் துரத்தினால் விமானம் ஊஞ்சல் ஆடும். மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து, திரையில் விஎஸ்ஐ மேலேயே ஒட்டிவிடுங்கள். பத்து நிமிடம் ஆல்டிமீட்டரையும் கடிகாரத்தையும் வைத்தே ஓட்டிப் பாருங்கள். ஊஞ்சல் நின்றுவிடும்.

அடுத்தது ஐஎல்எஸ், ரேடியோ அலையைப் பிடித்து மேகத்துக்குள்ளும் ரன்வேக்கு நேராகச் சரிவில் இறங்கும் முறை. சென்னை 07 ரன்வேயை எடுத்துக்கொள்ளலாம், வேறு ஊரும் எடுக்கலாம். 3 டிகிரிச் சரிவில் ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்க வேண்டும். ஐந்து மைலில் ரன்வேயிலிருந்து ஏறத்தாழ 1600 அடி உயரத்தில் இருந்தால் சரி. இறங்கும் வேகத்துக்குத் தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள், 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி. எதிர்காற்று 15 நாட் வைத்தால் தரை வேகம் 75, அப்போது 375 போதும். காற்றே வைக்காமல் பழகுகிறவர் 450-ஐ மனப்பாடம் செய்துவைத்து, நிஜத்தில் சரிவுக்குக் கீழே போய்விடுவார். அதனால் காற்று இல்லாமல் எதையும் பழகாதீர்கள். பக்கக் காற்று 15 நாட் என்றால் 90 நாட் விமானத்துக்கு 10 டிகிரி மூக்கைத் திருப்பிவைத்தால்தான் கோட்டில் நிற்கும்.

விஓஆர் (வழிகாட்டும் ரேடியோ நிலையம்) முள் ஓரத்துக்குப் போனால் 10 டிகிரி விலகல். லோக்கலைசர் (ஐஎல்எஸ்ஸில் ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டுவது) முள் ஓரத்துக்குப் போக சுமார் 2.5 டிகிரியே போதும், நான்கு மடங்கு கூச்சம். விஓஆர் கையோடு லோக்கலைசரைத் திருத்தினால் இடமும் வலமுமாகப் பாம்பு நெளியும். முதலில் 5 டிகிரி திருத்தம், உள்ளே வந்தபின் 2 டிகிரி. எத்தனை டிகிரி திரும்புகிறோமோ அதற்கு மேல் சாய்க்கக் கூடாது.

200 அடியில் ரன்வே தெரியாதபடி மேகத்தை வைத்து, இறங்காமல் மறுபடி மேலேறும் கோ-அரவுண்ட் போய்விடுங்கள். பத்து அப்ரோச்சில் ஏழு கோ-அரவுண்டாக இருந்தால் அது நல்ல பயிற்சி. முழு பவர், மூக்கு மேலே, ஃப்ளாப் (இறக்கையின் பின்னோர மடிப்பு) படிப்படியாக உள்ளே, பிறகு ரேடியோ. இந்த வரிசை யோசிக்காமல் கையில் வர வேண்டும். நிஜத்தில் இதைப் பழக வாய்ப்பு குறைவு, செலவும் அதிகம்.

என்ஜின் நின்றுபோவதும் அப்படித்தான். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் மென்பொருளில் கோளாறு மெனு ஒன்று உண்டு, எப்போது என்று உங்களுக்கே தெரியாதபடி வைக்கலாம். நின்றதும் முதலில் 68 நாட், அதுதான் 172எஸ் அதிக தூரம் மிதக்கும் வேகம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மைல் போகும். பிறகு கை போகும் வரிசை: ஃபியூல் ஷட்-ஆஃப் வால்வ் உள்ளே தள்ளியிருக்கிறதா, செலக்டர் இரண்டு டேங்க்கிலும் இருக்கிறதா, துணை பம்ப் ஆன், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) ரிச், இக்னிஷன். மவுஸால் கிளிக் செய்யும்போதும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இன்னும் நல்ல வழி, காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, நிஜமாகக் கையை நீட்டித் தொட்டுப் பழகுவது. மவுஸுக்குத் தெரிந்தது தோளுக்குத் தெரியாது.

ட்ரிம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இன்ஸ்ட்ரக்டர்கள் அதிகம் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். நிஜத்தில் யோக்கால் மூக்கைப் பிடித்து நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் பாரம் போகும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுற்றுவோம். வீட்டில் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே தள்ளுவதால், பிள்ளைகள் யோக்கை விட்டுவிட்டு ட்ரிம்மை வைத்தே மூக்கை ஏற்றி இறக்கிப் பழகிவிடுகிறார்கள். அதற்கு மாற்று: மூக்கைப் பிடியுங்கள், ட்ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், மூக்கு அசையாதபடி யோக்கை அதே அளவு நடுவுக்கு விட்டுக்கொண்டே வாருங்கள். ட்ரிம்மை பட்டனில் வைத்தால் கிடுகிடுவென ஓடும், சுழலும் சக்கரத்தில் வையுங்கள். கனத்தையே காட்டும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் யோக்குகள் இப்போது வருகின்றன. ஆனால் விலை அதிகம்.

பொருள் வாங்குகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் பெடல் (வால் துடுப்பான ரடரைக் காலால் இயக்குவது), அடுத்து த்ராட்டில், பிறகு யோக், தலை திரும்புவதைக் கண்டுகொள்ளும் டிராக்கர், கடைசியாகத்தான் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. 'ஓபன்டிராக்' இலவச மென்பொருளும் சாதாரண வெப்கேமும் இருந்தாலே டிராக்கர் ஓடும். அது இல்லாமல் டிராஃபிக் பேட்டர்ன் (இறங்கும் முன் ரன்வேயைச் சுற்றும் செவ்வக வழி) பழகுவது வெட்டி வேலை. அதில் ரன்வேக்குக் குறுக்காகப் போகும் பேஸ் பகுதிக்குத் திரும்பும் முன் இடதுதோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் ரன்வேயைப் பார்க்க வேண்டும், ஒற்றை மானிட்டரில் அது தெரியவே தெரியாது. பெடலுக்கு முதலிடம் ஏன் என்றால், பவர் ஏற்றினால் வலது கால் அழுத்த வேண்டும் என்பது காலில் ஊற வேண்டிய சங்கதி. ஜாய்ஸ்டிக்கை முறுக்கிப் பழகினால் ஊறாது.

வாங்கி மாட்டியதும் சில கோளாறுகள் கட்டாயம் வரும். 1500 ஆர்பிஎம் வைத்தும் விமானம் நகரவில்லை, அல்லது ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் பெடலில் பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறது, காலை எடுத்தால் பிரேக் பிடிக்கிறது. அமைப்பில் போய்த் திருப்பிவிடுங்கள். நடுவானில் யோக் செத்துப்போனால் பெரும்பாலும் விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைத்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, மின்சாரம் தனியாக வரும் யுஎஸ்பி ஹப்பில் மாட்டுங்கள். மலிவான பெடலில் முள் துடித்தால் அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டரில் தூசி. டெட் ஸோன் (அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) 2, 3 சதவீதம் போதும். சென்சிட்டிவிட்டி வளைவைக் கன்னாபின்னாவென்று வளைக்காதீர்கள், நடுவில் ஆளில்லாத மாதிரி இருந்து ஓரத்தில் பாயும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் அசிஸ்டன்ஸ் பக்கம் போய் தானியங்கி ரடர் முதல் எல்லா உதவியையும் அணையுங்கள். எக்ஸ்-பிளேனில் 'ஸ்டெபிலிட்டி ஆக்மென்டேஷன்' என்று இருப்பதைச் சுழியத்தில் வையுங்கள்.

எது நல்லது, மைக்ரோசாஃப்டா எக்ஸ்-பிளேனா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மீட்டர் பயிற்சிக்கும் கோளாறு பயிற்சிக்கும் எக்ஸ்-பிளேன் வசதி, பழைய கம்ப்யூட்டரிலும் மேகத்தைக் குறைத்தால் ஓடும். நாளைக்குப் போகப்போகும் வழியை இன்றைக்குப் பார்த்துவைக்க மைக்ரோசாஃப்டின் செயற்கைக்கோள் படம் அருமை. செம்பரம்பாக்கம் ஏரி எந்த இறக்கைக்குக் கீழே வரும், ரயில் பாதையை எங்கே தாண்டுவோம் என்று கண்ணுக்குப் பழகிவிடும். செல்போன் கோபுரம், புகைபோக்கி எல்லாம் அதில் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனைப் பறந்துகொண்டிருக்கும்போது தொடாதீர்கள், ஃபோன் அடித்தால் அடிக்கட்டும். பறந்து முடித்தபின் 'லிட்டில் நாவ்மேப்' என்ற இலவச மென்பொருளில் போன வழியைப் பாருங்கள், எங்கே நெளிந்தோம் என்று கோடே காட்டிக்கொடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடம், 40 நிமிடம் போதும்.

மேகத்துக்குள் வரும் தலைச்சுற்றலை மட்டும் எந்த வீட்டு சிமுலேட்டராலும் காட்ட முடியாது. நேராகப் பறக்கும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "சாய்ந்திருக்கிறாய்" என்று சத்தியம் செய்யும். வீட்டு நாற்காலியில் அது வாயே திறக்காது. வீட்டில் பார்ஷியல் பேனல் (சில மீட்டர்கள் செத்த நிலை) அலட்டாமல் ஓட்டுகிறவர் முதல்முறை நிஜ மேகத்துக்குள் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் போகக் கூடாது.

நேரக் கணக்கு கேட்டுப் பலர் இன்பாக்ஸ் வருகிறார்கள். இந்திய விமானத் துறைக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ, சிபிஎல்லுக்கு (வணிக விமானி உரிமம்) கேட்கும் 200 மணி நேரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஒரு நிமிடம்கூடச் சேராது, லாக்புக்கில் எழுதாதீர்கள். அமெரிக்காவில் அதே வேலை செய்யும் எஃப்ஏஏ அங்கீகரித்த கருவியில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு (மீட்டர் பார்த்து ஓட்டும் தகுதி) அடிப்படைக் கருவியில் 10 மணி, மேம்பட்ட கருவியில் 20 மணி வரை எடுத்துக்கொள்வார்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட யோக், பேனல், மென்பொருள் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான். அதே மென்பொருளை வீட்டு லேப்டாப்பில் போட்டால் கணக்கில் வராது.