எவனுதுடா இது?

ராக்கெட் விடற நாள்ல எங்க பழவேற்காட்டுல கடலுக்குப் போகக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. 2025 ஜூலை 30ம் அப்படித்தான், சித்தப்பா கரையில உக்காந்து வலை தச்சுக்கிட்டு இருந்தாரு, சரியா அஞ்சு நாப்பதுக்கு வடக்கால ஸ்ரீஹரிகோட்டா பக்கம் வெளிச்சம் கிளம்புச்சு, சத்தம் கொஞ்சம் லேட்டா வந்து தகரக் கூரைய தடதடன்னு ஆட்டிட்டுப் போச்சு. (சூலூர்பேட்டை அத்தை உடனே போன், "சூசாவா?"ன்னு, பாத்தியான்னு அர்த்தம். அவங்களுக்கு சந்தோஷம்னா தெலுங்குதான் வரும்.)

"எவனுதுடா இது?"ன்னாரு சித்தப்பா. நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செஞ்ச சாட்டிலைட்டுன்னேன். "அமெரிக்காக்காரனுக்கு ராக்கெட்டா இல்ல, நம்மகிட்ட வந்திருக்கான்?"

இதுக்கு பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னாடி போகணும். 1991ல க்ரையோஜெனிக் இன்ஜினும் (ரொம்பக் குளிர்ந்த திரவ எரிபொருள்ல ஓடற ராக்கெட் இன்ஜின்) அதை செய்யற தொழில்நுட்பமும் சேர்த்து இஸ்ரோவுக்கு தர்றேன்னு சோவியத்தோட விண்வெளி நிறுவனம் கிளவ்காஸ்மாஸ் ஒத்துக்கிச்சு. 1992ல அமெரிக்கா, இத வெச்சு ஏவுகணை செய்வீங்கன்னு ரெண்டு பேர் மேலயும் தடை போட்டுச்சு. மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன நிரப்பிக்கிட்டு எவன்யா அவசரத்துக்கு ஏவுகணை விடுவான்? ஆனா 1993ல ரஷ்யா பின்வாங்கிடுச்சு, 7 இன்ஜின் மட்டும் தந்தான், செய்முறை கிடையாது. நாமளே செஞ்சோம், 2010 ஏப்ரல்ல மொத தடவ விட்டது கடலுக்குள்ள போச்சு, 2014 ஜனவரி 5ல தான் கைகூடுச்சு. அதே வகை இன்ஜின்தான் அன்னிக்கு நாசாவோட ரேடாரையும் மேல கொண்டுபோச்சு. பச்சத்தண்ணி கூட தராதேன்னு ஊரைத் தடுத்தவன் நம்ம வீட்டுப் பந்தியில உக்காந்த கதை!

அதனால "பாத்தியா வல்லரசு"ன்னு மீம் போடறவங்ககிட்டயும் எனக்கு ஒத்துப்போகல. நிசார்ல ரெண்டு அலைவரிசையில ரெண்டு ரேடார், எல்-பேண்ட் அவங்களது, எஸ்-பேண்ட் நம்மளது, யாருக்கும் தனியா செஞ்சா கட்டுப்படியாகாது, அதான் சேந்தாங்க, பாசத்துல இல்ல. கையில சரக்கு இருந்தாதான் கூட்டாளின்னு கூப்பிடுவான். சீனாவ பாருங்க, நாசா அவங்களோட சேரக்கூடாதுன்னு 2011ல அமெரிக்காவுல சட்டமே போட்டாங்க, அவன் தனியா டியாங்காங் விண்வெளி ஸ்டேஷன் கட்டிக்கிட்டான், 2024ல அவனோட சாங்இ-6 விண்கலம் நிலாவோட மறுபக்கத்து மண்ணையே அள்ளிட்டு வந்துச்சு, அதுல பிரான்ஸ், இத்தாலி கருவியும் போச்சு. கதவ சாத்தினவன்தான் வெளிய நிக்கறான்.

சித்தப்பாகிட்ட இவ்வளவும் சொல்லல. மேகம் இருந்தாலும் ராத்திரினாலும் 12 நாளைக்கு ரெண்டு தடவ பூமிய படம் புடிக்கும், நம்ம முகத்துவாரம் எப்படி மண்ணு மூடுதுன்னு கூட பாக்கலாம், டேட்டா எல்லாருக்கும் இலவசம்னு மட்டும் சொன்னேன்.

வலையிலிருந்து தல தூக்காமயே கேட்டாரு, "பாக்கறது சரிடா, அள்ளறது யாரு?"