ஸ்டாலினையும் வாழ்த்திப் பாடியவர்கள்

பால்டிக் கடலோரச் சிறு நாடான எஸ்தோனியாவின் பாடல் விழாக்களைப் பற்றிய காணொளி ஒன்றைப் போன வாரம் நண்பர் ஒருவருக்குக் காட்டினேன். சோவியத் தலைவர் ஸ்டாலின் காலத்தில், 1950இல் நடந்த விழாவும் அதில் கொஞ்சம் வருகிறது. பார்த்துவிட்டு, "இத்தனை பேரும் வாயைத் திறந்து ஸ்டாலினை வாழ்த்தியிருக்கிறார்களே, ஒருத்தருக்குக்கூட மறுக்கத் தைரியம் வரவில்லையா?" என்றார். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்த மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த விழா சோவியத் அரசு உண்டாக்கியது அல்ல. 1869இல், ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோதே, தார்த்து நகரில் எஸ்தோனியர்கள் தொடங்கியது. ஊருக்கு ஊர் குழு அமைத்துப் பயிற்சி எடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடிப் பாடும். 1944இல் நாட்டை மறுபடியும் பிடித்த சோவியத் அரசு இதைத் தடை செய்யவில்லை, தனதாக்கிக்கொண்டது. 'வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிசம்' என்பது ஸ்டாலின் காலத்துச் சூத்திரம். நாட்டுப்புற உடை இருக்கட்டும், குழுப்பாட்டு இருக்கட்டும், பாட்டுக்குள் கட்சியும் தலைவரும் இருந்தால் போதும்.

1949 மார்ச்சில், சில நாட்களுக்குள், இருபதாயிரம் பேருக்கு மேல் ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அடுத்த ஆண்டே தலைநகர் தாலினில் விழா. அதற்கு முன்பாக ஆல்ஃப்ரெட் காரிண்டி, ரிஹோ பாட்ஸ், தூதுர் வெத்திக் என்ற மூன்று முக்கியமான இசை நடத்துநர்களைக் கைது செய்தார்கள். ஸ்டாலின் இறந்த பிறகுதான் மூவரும் ஊர் திரும்ப முடிந்தது. நண்பர் பார்த்தது இந்த விழாவைத்தான். மறுத்தால் என்ன ஆகும் என்று மேடையில் நின்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சர்வாதிகாரிகளுக்குக் கூட்டுப்பாட்டு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? மேடைப் பேச்சைக் கேட்கும்போது மனதை வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம். பாடும்போது அது நடக்காது. மூச்சு, தொண்டை, நெஞ்சு எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். பொய் நம் குரலிலேயே வெளியே வருகிறது. பக்கத்தில் நிற்பவர் நம்பித்தான் பாடுகிறாரா என்று நமக்குத் தெரியாது, நம்மைப் பற்றி அவருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான பேரை ஒன்றாக நிறுத்தி ஒவ்வொருவரையும் தனியாளாக்குகிற இந்த வேலையை என்னால் மன்னிக்கவே முடியாது.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஒரு தப்புக்கணக்கு இருந்தது. வரிகளை மாற்றிவிட்டால் விழா தங்களுடையது என்று நினைத்தார்கள். குழுவில் பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே உண்மையில் கற்றுக்கொள்வது பக்கத்துக் குரலைக் கேட்பதையும் சேர்ந்து மூச்செடுப்பதையும்தான். லெனின் பாட்டுக்காக எடுத்த பயிற்சி, வேறு பாட்டுக்கும் உதவும்.

அந்த வேறு பாட்டு லிதியா கோய்துலா 19ஆம் நூற்றாண்டில் எழுதிய கவிதை. 'என் தாய்நாடே என் அன்பு' என்று தொடங்கும். அதற்கு 1944இல் புது மெட்டுப் போட்டவர் குஸ்தாவ் எர்னெசாக்ஸ். 1947 விழாவில் பாடினார்கள், 1950இல் அது இல்லை. 1960இல் நிகழ்ச்சி நிரலில் இல்லாமலேயே, விழா முடிகிற நேரத்தில் மக்களே பாடினார்கள். எந்தத் தாய்நாடு என்று கவிதை சொல்லவில்லை. தடை செய்யச் சாக்குச் சொல்வது அதிகாரிகளுக்கும் கஷ்டம். 1969இல், விழாவின் நூற்றாண்டில், பாடி முடித்த பிறகும் குழுக்கள் மேடையை விட்டு இறங்காமல் திரும்பத் திரும்ப அதையே பாடின. குரலை அமுக்க பித்தளை வாத்தியக் குழுவை வாசிக்கச் சொன்னார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்தின் முன்னால் அது எடுபடவில்லை.

இதே எர்னெசாக்ஸ்தான் சோவியத் எஸ்தோனியாவின் அரசு கீதத்துக்கும் இசையமைத்தவர். ஸ்டாலின் பரிசும் வாங்கியிருக்கிறார். நண்பருடைய அளவுகோலை வைத்தால் இவர் முதல் குற்றவாளி. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவரும் அந்த ஆயிரக்கணக்கான பாடகர்களும் மறுத்திருந்தால் விழாவே போயிருக்கும், முகாம்களில் இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்திருப்பார்கள். ஸ்டாலினுக்குப் பாடியது வாடகை மாதிரி. அதைக் கட்டித்தான் தங்கள் வீட்டிலேயே அவர்கள் குடியிருந்தார்கள். அந்த வாடகை வலிக்காமல் கட்டப்பட்டது என்று சொல்லமாட்டேன். அரசை மனதார நம்பிப் பாடியவர்களும் இருந்திருப்பார்கள். அப்புறம், பாடவே பிடிக்காமல் ஒதுங்கியவர்களும் கோழைகள் அல்ல.

1988 செப்டம்பர் 11 அன்று அதே தாலின் பாடல் மைதானத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் பாடக் கூடினார்கள். நாட்டின் மக்கள்தொகையே 15 லட்சம் சொச்சம். அதில் எத்தனை பேர் சின்ன வயதில், பள்ளிக் குழுவில் நின்று, லெனினைப் பாடிப் பழகியவர்களோ. 1991 ஆகஸ்டில் சுதந்திரத்தைத் திரும்பப் பெற்றார்கள். எர்னெசாக்ஸ் அதைப் பார்த்துவிட்டு 1993இல் இறந்தார். அந்த மைதானத்தில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தபடி இருக்கும் சிலை.